காலிக் கட்டங்கள்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு இடுக்கி என்று பெயர். நேரில் இடுக்கியம்மா என்பார்கள். அவர் அறையைவிட்டுப் போனதும் வெறும் இடுக்கி. இரண்டும் அவருக்குத் தெரியும், இரண்டிலும் அவருக்கு வருத்தமில்லை. இருபத்துமூன்று ஆண்டுகளாக மெல்லிய எஃகு இடுக்கி ஒன்றை வலக்கையில் பிடித்துப் பிடித்து, பேருந்துச் சீட்டைக்கூட இரு விரல் நுனியால் கவ்வி வாங்குகிறவரை வேறு எப்படித்தான் அழைப்பது?

அவருடைய வேலை சேற்றிலிருந்து உயிரினங்களைப் பொறுக்குவது. துருவக் கடலில் உள்ள ஒரு குடாவிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை கப்பலில் பன்னிரண்டு ஜாடிகள் வரும். குடாவின் அடித்தரையில் குறித்துவைத்த அதே பன்னிரண்டு இடங்களில், அதே அளவுள்ள இரும்புப் பெட்டியால் அள்ளி, ஆல்கஹாலில் ஊறவைத்த சேறு. அதை அவர் சல்லடையில் இட்டுக் கழுவுவார். தங்கியதை வெள்ளைத் தட்டில் பரப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாகக் கவ்வி எடுப்பார். கம்பிபோல் கால் நீட்டிய கடற்சிலந்திகள், தொட்டால் கை கழன்றுவிடும் நட்சத்திர மீன்கள், கண்ணாடி நூலால் பின்னினாற்போன்ற கடற்பஞ்சுகள், எண்ணி மாளாத புழுக்கள். வகைக்கு ஒரு தாள், தாளில் ஆண்டுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். எண்ணியதைக் கட்டத்தில் எழுதிவிட்டால் அவர் கடமை முடிந்தது.

அந்தக் கடலை அவர் கண்டதில்லை. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாலே இரண்டு தும்மல் போடுகிறவரை யார் அங்கே அழைத்துப் போவார்கள்? ஆனால் அந்தக் குடாவின் அடித்தரையில் யார் யாருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள் என்பது, தம் தெருவைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் அவர் மனத்துக்கு நெருக்கமானது ஒரு சிறு சிப்பி. வழவழப்பான, வெளிறிய மஞ்சள் ஓடு. கூடத்தில் அதற்குப் பொத்தான் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்கு வளர அதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். அந்தக் குளிரில் எதற்கும் அவசரம் கிடையாது.

இவ்விடத்தில் அந்தக் கூடத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அவர் தம் தாளைக் கொண்டுபோய்ப் பழைய இயக்குநரிடம் பணிவோடு நீட்டினார். இல்லாத உயிரினங்களுக்கெல்லாம் கவனமாகப் பூஜ்யம் போட்டிருந்தார். அந்தப் பெரிய மனிதர் முகத்தைச் சுளித்து, ரப்பரை எடுத்து, பூஜ்யங்களை ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே அழித்தார்.

"இருக்கிறத எழுதும்மா. இல்லாததையெல்லாம் எழுத ஆரம்பிச்சா உலகத்துல தாள் போதாது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அன்றிலிருந்து இல்லாததற்கு அவர் எதையும் எழுதியதில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். கப்பல் தாமதமாக வந்து நேரம் நெருக்கிய ஆண்டுகளில், சில ஜாடிகளில் சில வகைகளைத் தேடாமலேயே விட்டதும் உண்டு. அந்தக் கட்டங்களும் காலிதான். எந்தக் காலி எதைச் சொல்கிறது என்பது அவர் தலைக்குள் இருந்தது. வேறு யாரும் கேட்கவில்லை. அவராகச் சொல்லவும் இல்லை.

பொத்தானைப் பொறுத்தவரை தொடக்கத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. பன்னிரண்டு ஜாடியிலும் முப்பது நாற்பது என்று கிடந்தன. ஒன்பதாம் ஆண்டில்தான் ஒரு ஜாடி வெறுமையாக இருந்தது. அவருக்கு நம்பிக்கை வரவில்லை; இரண்டாம் முறை சல்லடையில் போட்டார். கிடைத்தது தூள் தூளான ஓட்டுச் சில்லுகள் மட்டும். இரண்டு ஓடுகளும் சேரும் கீல் இருந்தால்தான் ஓர் உயிராக எண்ணலாம் என்பது விதி. ஒன்றிலும் கீல் இல்லை. கட்டத்தைக் காலியாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் 'உடைசல் மட்டும்' என்று எழுதினார். ஓரக் குறிப்பை யார் படிப்பார்கள்?

அந்தக் குடாவில் மூழ்கி வேலை செய்யும் முக்குளிப்பாளர் ஒருவர் ஒருமுறை கூடத்துக்கு வந்திருந்தார். இடுக்கியம்மா மென்று விழுங்கி மென்று விழுங்கி இதைப் பற்றிக் கேட்டார். முன்பெல்லாம் குளிர்காலம் முழுவதும் கடலின் மேற்பரப்பு உறைந்து கிடக்கும், பனிப்பாறைகள் அதில் பிடிபட்டு அசையாமல் நிற்கும் என்றார் அவர். இப்போது அந்த உறைபனி தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடுகிறது. கட்டவிழ்ந்த பாறைகள் காற்று தள்ளிய பக்கமெல்லாம் அடித்தரையை உழுதுகொண்டு திரிகின்றன. உழாத இடத்தில் வெப்பம். ஒரு டிகிரி கூடினாலே பொத்தான் மண்ணைத் தோண்ட நீட்டும் தசைக்கால் சோர்ந்துவிடுகிறது. அலை புரட்டிப்போட்டால் மறுபடி மண்ணுக்குள் இறங்க முடியாமல் மேலேயே கிடக்கிறது. கிடந்ததை நட்சத்திர மீன் தின்றுவிடுகிறது. இதையெல்லாம் அவர் ஏதோ வானிலைச் செய்தி போலச் சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துப் போனார்.

இந்த ஆண்டு பன்னிரண்டு ஜாடிகளில் ஒன்பதில் பொத்தான் இல்லை.

அதைப் பொறுக்கி முடித்த வாரத்தில்தான் அறிக்கையின் நகல் எல்லார் மேசைக்கும் வந்தது. அது சாதாரண அறிக்கை அன்று. அந்தக் குடாவில் இதுநாள் வரை எந்தப் படகும் அடித்தரையில் வலையிழுக்கக் கூடாது என்று தடை இருந்தது. தடையை நீக்கலாமா என்று முடிவெடுக்க ஒரு குழு பத்து நாளில் கூடவிருந்தது; அந்தக் குழுவுக்குப் போகும் அறிக்கை அது. அதன் ஒன்பதாம் பக்கத்தில், பொத்தான் சிப்பியின் சராசரி எண்ணிக்கை இருபத்துமூன்று ஆண்டுகளுக்குமாக ஒரே நேர்கோடாக ஓடியது. கீழே ஒரு வாக்கியம்: குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை, இவ்வடித்தரை தாங்கும் வலிமையுடையது.

இடுக்கியம்மா அந்தப் பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தே ஒருமுறை பார்த்தார். கோடு அசையவில்லை.

கோட்டைப் போட்டவர் அந்நியர் அல்லர். இடுக்கியம்மாவுடைய தங்கையின் கணவர். ஆறு ஆண்டுகளுக்கு முன், தாள்களையெல்லாம் கணினியில் ஏற்ற ஆள் தேடியபோது, வாழ்நாளில் யாரிடமும் எதுவும் கேட்டிராத இடுக்கியம்மா, இப்போதைய இயக்குநர் அம்மையாரிடம் இவருக்காக வாயைத் திறந்தார். கெட்டிக்காரர், சிரித்த முகம். ஆனாலும் ஆறு ஆண்டுகளாகத் தற்காலிகப் பணிதான். இந்த அறிக்கை குழுவில் ஏறிவிட்டால் நிரந்தரம் என்று பேச்சு.

இரண்டாம் மாடியில் இரண்டு திரைகளுக்கு நடுவே அவர் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா. மாடியேறி வந்திருக்கீங்க. சேறு தீந்துபோச்சா?"

தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, இடுக்கியம்மா ஒன்பதாம் பக்கத்தை நீட்டினார். "இந்த வருஷம் மூணு ஜாடியிலதான் பொத்தான் இருந்துச்சு மாப்பிள்ளை. சராசரி எப்படி முப்பத்தெட்டு வந்துச்சு?"

"முப்பத்தாறு, நாப்பத்தொண்ணு, முப்பத்தெட்டு. கூட்டி மூணால வகுத்தா முப்பத்தெட்டுதானேக்கா."

"மூணாலயா? ஜாடி பன்னெண்டாச்சே."

"மீதி ஒன்பது காலி. நீங்க எண்ணாம விட்டது. காலிக் கட்டம் வந்தா புரோகிராம் தாண்டிப் போயிடும்."

"எண்ணாம விடல. எண்ணினேன். ஒண்ணும் இல்ல. அதான் காலி."

மாப்பிள்ளை மவுசிலிருந்து கையை எடுத்தார். பிறகு, எதிரே இருப்பவர் மனைவியின் அக்கா என்பதை மறந்தவர்போல மெதுவாகக் கேட்டார்.

"இல்லன்னா ஜீரோ போடணும்ல?"

மாப்பிள்ளை பென்சிலை எடுத்து ஒரு துண்டுத் தாளில் நூற்றுப் பதினைந்தைப் பன்னிரண்டால் வகுத்தார். ஒன்பதரைச் சொச்சம் வந்தது. நாலில் ஒரு பங்கு. இருவரும் அந்தச் சிறிய வகுத்தலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு குடா முழுவதும் சத்தமில்லாமல் ஒழிந்துகொண்டிருக்க, அவர்கள் இருவரும் சேர்ந்து, அவர் காலியாக விட்டும் இவர் தாண்டிப் போயும், அதை ஆறு ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்தார்கள். இருவரில் ஒருவருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது.

இப்போது இதைக் கிளற வேண்டாம் என்று மாப்பிள்ளை கெஞ்சினார். அடுத்த ஆண்டு அறிக்கையில் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்றார். அடுத்த ஆண்டு குடாவில் வலை கிடக்குமே என்று இடுக்கியம்மா சொன்னார். மாப்பிள்ளையோ தம் புரோகிராம் ஆறு ஆண்டுகளாகத் தப்பு என்று ஆகிவிடும் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். உங்கள் புரோகிராமில் தப்பில்லை, என் தாளில்தான் தப்பு என்று இடுக்கியம்மா எவ்வளவு எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை.

அன்று மாலையே தங்கை தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு மீண்டும் அழுதாள். கடைசியில் தங்கை நிதானமாக ஒன்று சொன்னாள்.

"உனக்குச் சேத்துல கிடக்கிற சிப்பி பெருசு. வீட்டுல இருக்கிற மனுஷன் சிறுசு. இனிமே எனக்குப் போன் பண்ணாதே."

போனை வைத்துவிட்டாள்.

தாம் சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும் என்பது இடுக்கியம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு ஒரு வழி இருந்தது. பொறுக்கி முடித்த மிச்சச் சேற்றைக் கூடத்தில் கொட்டுவதில்லை. ஜாடியிலேயே போட்டு ஆல்கஹால் ஊற்றி, அடித்தளக் கிடங்கில் ஆண்டுவாரியாக அடுக்கிவிடுவார்கள். எண்ணாமல் விட்ட ஜாடி என்றால் பொத்தான்கள் இன்னும் அந்த மிச்சத்துக்குள்ளேயே கிடக்கும். எண்ணியும் இல்லாத ஜாடி என்றால் கிடக்காது. ஆக, காலிக் கட்டம் ஒவ்வொன்றுக்கும் உரிய ஜாடியை எடுத்துத் திறந்து பார்த்துவிட்டால், எந்தக் காலி எதைச் சொல்கிறது என்று யாரும் கண்ணால் காணலாம். பொத்தான் தாளில் மொத்தம் அறுபத்தொரு காலிக் கட்டங்கள்.

மறுநாள் முதல் அவர் வேலை நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகவே வந்து கிடங்கில் உட்கார்ந்தார். சிமெண்டுத் தரை, ஒற்றைக் குழல்விளக்கு, மூக்கைப் பிடுங்கும் ஆல்கஹால் நெடி. கிடங்குக்காரர் ஜாடிகளை இறக்கித் தந்தார். மூன்றாம் நாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தொலைஞ்சத தேடுறவங்கள பாத்திருக்கேன் இடுக்கியம்மா. தொலைஞ்சுதான் போச்சான்னு தேடுறவங்கள இப்பத்தான் பாக்கறேன்."

"கொஞ்சம் சிரமம் கொடுக்கிறேன். மன்னிச்சிடுங்க."

"எனக்கென்ன சிரமம். கிடைச்சா சொல்லுங்க, கிடைக்கலன்னாலும் சொல்லுங்க. எதுக்குச் சந்தோஷப்படணும்னுதான் எனக்குப் புரியல."

அது இடுக்கியம்மாவுக்கும் புரியவில்லை. பதினைந்தாம் ஆண்டின் ஜாடி ஒன்றைச் சல்லடையில் சாய்த்தபோது மஞ்சள் ஓடுகள் சலசலவென்று விழுந்தன. அவசரத்தில் தாம் எண்ணாமல் விட்ட ஜாடி. ஒரு கணம் அவர் முகம் மலர்ந்துவிட்டது, எண்ணினால் முப்பத்துமூன்று. அடுத்த கணம் அவை செத்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன என்பது நினைவுக்கு வந்தது. அப்படி நான்கு ஜாடிகள் தேறின. மீதி ஐம்பத்தேழிலும் உடைசல், மணல், புழுக் கூடுகள். ஐம்பத்தேழு பூஜ்யங்கள். ஒவ்வொரு தட்டையும் படமெடுத்து, ஜாடி எண்ணை எழுதி, பட்டியலாக்கினார்.

பிறகு கடிதம். நான்கு முறை எழுதிக் கிழித்து ஐந்தாம் முறை எழுதினார். தங்கள் பொன்னான நேரத்தைக் கவர நேர்ந்தமைக்கு வருந்துகிறேன் என்று தொடங்கி, இப்பிழை முழுவதும் என்னுடையதே, கணக்கிட்டவருக்கு இதில் பங்கில்லை என்று நடுவில் அழுத்தி, ஐம்பத்தேழு கட்டங்களைப் பூஜ்யமாகக் கொண்டு அறிக்கையைத் திருத்தி அருள வேண்டும் என்று முடித்தார். குழு கூட இன்னும் ஒரே நாள் இருந்தது.

இயக்குநர் அம்மையார் நல்லவர். யார் வந்தாலும் நாற்காலியைக் காட்டுவார், தண்ணீர் வேண்டுமா என்பார். கடிதத்தை இரண்டு முறை படித்தார். படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். இப்படி ஒரு நேர்மையைத் தம் பணிக்காலத்தில் கண்டதில்லை என்றார். கண்கூட லேசாகக் கலங்கியது. அதன் பிறகுதான் பேச்சுத் திரும்பியது. கையெழுத்திட்ட மூலத் தாளில் இப்போது பூஜ்யம் எழுதினால் அது திருத்தமாகாது, மோசடியாகும் என்றார். அதைவிட, பொத்தான் தாளில் காலி தப்பென்றால் புழுத் தாளிலும் சிலந்தித் தாளிலும் காலி தப்புத்தானே, எதைத்தான் நம்புவது என்றார். அவற்றுக்கும் ஜாடிகள் கிடங்கில் இருக்கின்றன, பார்த்துவிடலாம் என்று இடுக்கியம்மா தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பாத்தது யாரு? நீங்கதான். தப்புப் பண்ணின கையே திருத்தவும் செஞ்சா குழு ஏத்துக்குமா, சொல்லுங்க."

"அப்ப வேற யாரையாவது பாக்கச் சொல்லுங்கம்மா. எல்லாம் கீழேயே இருக்கு."

"வேற யாருக்கு இது தெரியும்?"

அது உண்மை. பொத்தானின் கீலையும் வேறொரு சிப்பியின் கீலையும் பிரித்தறியக் கூடியவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்தான். இருபத்துமூன்று ஆண்டுகளில் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க ஆள் போடுங்கள் என்று அவர் கேட்டதே இல்லை. கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்திருந்தார்.

கடிதத்தை மறைக்க மாட்டேன், அப்படியே குழுவின் முன் வைக்கிறேன் என்று அம்மையார் வாக்குக் கொடுத்தார். இடுக்கியம்மா மூன்று முறை நன்றி சொல்லிவிட்டு எழுந்தார். நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு வந்தார்.

அம்மையார் சொன்னபடியே செய்தார். ஒரு வாரம் கழித்து முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. ஒரே பக்கம்தான். அடித்தரை உயிரினங்கள் பற்றிய பதிவுகள் நம்பகமற்றவை என்பதை அவற்றைப் பதிவு செய்த பணியாளரே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார். ஆதலால் குடாவைத் தொடர்ந்து மூடிவைப்பதற்குப் போதிய சான்று இல்லை. வரும் கோடை முதல் அடித்தரை வலைகளுக்கு அனுமதி வழங்கப்படுகிறது.

படங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. இடுக்கியம்மா அதை மூன்று முறை படித்தார். பின்னால் நின்ற யாரோ நகரச் சொல்ல, மன்னிப்புக் கேட்டு நகர்ந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், எதுவும் மாறவில்லை என்று சொல்லி வலையை இறக்கியிருப்பார்கள். வாயைத் திறந்ததால், எதுவும் தெரியவில்லை என்று சொல்லி இறக்குகிறார்கள். இரண்டாவதில் அவருடைய கையெழுத்து இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். கீழே கிடப்பவற்றுக்கு இந்த வித்தியாசம் போய்ச் சேரப்போவதில்லை.

இரண்டு நாள் கழித்துத் தங்கையின் அழைப்பு வந்தது. குரலில் தேன் வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவேண்டும், வராவிட்டால் தானே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன் என்றாள். போனபோது வாசலிலேயே கட்டிக்கொண்டாள். தட்டு நிறையப் பரிமாறினாள். மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து, சொல்லலாமா வேண்டாமா என்று சற்று நேரம் கையைப் பிசைந்துவிட்டுச் சொன்னார்.

"நிரந்தரம் ஆயிடுச்சுக்கா. தப்பு புரோகிராம்ல இல்ல, தாள்லதான்னு குழுவுலயே எழுதிட்டாங்க. உங்க கடிதம் இல்லன்னா நான் மாட்டியிருப்பேன்."

"அதான் நான் அப்பவே சொன்னேனே, அக்கா நமக்குக் கெடுதல் செய்ய மாட்டான்னு," என்றாள் தங்கை.

அவள் அப்படி எப்போதும் சொன்னதில்லை. இடுக்கியம்மா அதை எடுத்துக்காட்டவில்லை. சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மாப்பிள்ளையைப் பார்த்துக் கேட்டார்.

"காலிக் கட்டம் விஷயம் என்னாச்சு? மாத்திட்டீங்களா?"

"அன்னைக்கே மாத்திட்டேன்கா. உங்க பட்டியல வச்சு அம்பத்தேழு ஜீரோவும் போட்டாச்சு. இப்பச் சரியா வருது. கோடு எட்டாவது வருஷம் வரைக்கும் நேரா போகுது, அப்புறம் மாடிப்படி மாதிரி இறங்குது. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

"யாருக்குக் காட்டினீங்க?"

"இப்ப யாரு கேக்கறாங்கக்கா?"

அந்தக் கோட்டுப் படத்தை மட்டும் தமக்கு ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா என்று இடுக்கியம்மா கேட்டார். சிரமமாக இருந்தால் வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார். என்னக்கா இப்படிக் கேட்கிறீர்கள், திங்கட்கிழமை காலையில் மேசைக்கே கொண்டுவந்து தருகிறேன் என்றார் மாப்பிள்ளை. திங்கட்கிழமை அவருக்குப் புதிய அறைக்கு மாற்றம். கணினியைத் தூக்கி வைப்பதிலேயே நாள் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது இடுக்கியம்மா நினைவூட்டினார். நாளைக்குக் கட்டாயம் என்றார் மாப்பிள்ளை. புதன்கிழமை இடுக்கியம்மா கேட்கவில்லை.